கியோட்டோவிலிருந்து ஒரே நாளில் இனே: ரயிலை அல்ல, பஸ்ஸைப் பார்த்துத் திட்டமிடுங்கள்

கேள்வி: நவம்பர் கடைசியில் அம்மா அப்பாவோடு கியோட்டோவில் தங்குகிறோம். ஒருநாள் கோயில்களை விட்டுவிட்டு, கடலை ஒட்டி வீடுகள் நிற்கும் இனே கிராமத்தையும், அமனோஹஷிதாதே மணல்திட்டையும் பார்க்க ஆசை. ஒரே நாளில் முடியுமா? எங்களிடம் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் இருக்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி, சைவம்.

முடியும். ஆனால் எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ரயிலை விட்டு இறங்கியதும் அமனோஹஷிதாதேவைச் சுற்றிவிட்டு, மதியத்துக்கு மேல் இனேக்குப் போய், இருட்டில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள். நவம்பர் கடைசியில் அங்கே மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். அதனால் தூரமான இனேதான் முதலில்.

கியோட்டோவிலிருந்து ஹஷிதாதே என்ற விரைவு ரயில் அமனோஹஷிதாதேக்கு நேராகப் போகிறது, சுமார் இரண்டு மணி நேரம். காலையிலேயே கிளம்பும் வண்டியைப் பிடியுங்கள். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சில சமயம் இந்த ரயிலோடு மைசுரு போகும் பெட்டிகளையும் சேர்த்து ஓட்டி, அயபே ஸ்டேஷனில் பிரிப்பார்கள். ஏறும்போதே பெட்டியில் எழுதியிருக்கும் ஊரைப் பாருங்கள். அடுத்து பாஸ். நாடு முழுவதற்குமான ஜேஆர் பாஸ் ஃபுகுசியாமா வரைதான் செல்லும். அதற்கப்பால் கியோட்டோ டாங்கோ ரயில்வேயின் பாதை, அந்தக் கட்டணம் தனி. ஜேஆர் வெஸ்ட்டின் கான்சாய் வைட் ஏரியா பாஸ் என்றால் இந்தக் கவலை இல்லை.

ஸ்டேஷன் வாசலிலேயே இனே பஸ் வரும், பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நம்மூர் டவுன் பஸ் மாதிரி அடுத்தடுத்து வராது. ஒன்றை விட்டால் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். திரும்பும் பஸ் நேரங்களை முதல்நாள் இரவே பார்த்து, போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரங்களைச் சுற்றித்தான் உங்கள் நாளை அமைக்க முடியும்.

இனேயில், ஊருக்குள் போவதற்கு முன்பே, ஹிதே படகுத்துறை நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து கிளம்பும் சுற்றுலாப் படகு சுமார் 25 நிமிடத்தில் விரிகுடாவைச் சுற்றிக் காட்டும். அம்மாவின் முட்டிக்கும் இதுதான் நல்லது. அந்த வீடுகளைக் கடலிலிருந்து பார்த்தால்தான் அவற்றின் சூட்சுமம் புரியும். சுமார் 5 கிலோமீட்டர் கரையில் 230 வாக்கில் ஃபுனயா வீடுகள். கீழ்த்தளம் படகு நிறுத்த, மேல்தளம் ஆட்கள் புழங்க. கடல் வாசற்படிக்கே வந்தும் வீட்டுக்குள் புகாதது எப்படி? விரிகுடா தெற்கு பார்த்தது, அதன் முகப்பில் அவோஷிமா தீவு அலையைத் தடுக்கிறது. அதைவிட முக்கியம், ஜப்பான் கடலில் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், மிகக் குறைவு. இங்கே வருடம் முழுக்க நீர்மட்டம் ஏறி இறங்குவது சுமார் 50 சென்டிமீட்டர்தான். பசிபிக் பக்கம் இப்படி வீடு கட்டினால் ஓத நேரத்தில் படகு அறைக்குள் தண்ணீர்தான் நிற்கும். 2005-ல் அரசு இந்த ஊரைப் பாதுகாக்க வேண்டிய மரபுக் கட்டடப் பகுதியாக அறிவித்தது. ஆனாலும் இவை ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். கதவு திறந்திருக்கிறதே என்று உள்ளே எட்டிப் பார்த்துப் படமெடுக்காதீர்கள்.

படகில் கடற்காகங்களுக்குத் தீனி போடலாம். பருந்துகளும் சேர்ந்து வரும், கையிலிருப்பதைப் பறித்துக்கொண்டு போய்விடும், ஜாக்கிரதை.

சாப்பாட்டுக்கு வருவோம். அப்பா மீன் சாப்பிடுவார் என்றால் அதிர்ஷ்டசாலி. குளிர்காலத்து புரி மீனுக்கு இனே பேர்போனது, அதன் பருவம் தொடங்கும் சமயத்தில்தான் போகிறீர்கள். அம்மாவுக்குத்தான் சிக்கல். காய்கறி சூப், நூடுல்ஸ் என்று எதைக் கேட்டாலும் அடியில் மீன் போட்டுக் கொதிக்க வைத்த தாஷி என்ற சாறு இருக்கும். பேசாமல் கியோட்டோவிலேயே ரொட்டி, பழம், தெரிந்த நொறுக்குத்தீனி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் புளிக்காய்ச்சல் பாட்டில் ஒன்றை ஊரிலிருந்தே கொண்டுபோவேன்.

மதியம் இரண்டு, இரண்டரை மணி பஸ்ஸில் திரும்புங்கள். ஆனால் ஸ்டேஷன் வரை வர வேண்டாம். வழியில் கஸமட்சு பூங்காவுக்கான கேபிள் கார் அடிவாரத்தில் இறங்கிவிடுங்கள். மேலே போக நாற்காலி லிஃப்டும் உண்டு, அம்மாவுக்குக் கேபிள் காரே வசதி. மேலிருந்து பார்த்தால் அமனோஹஷிதாதே தெரியும்: 3.6 கிலோமீட்டர் நீள மணல்திட்டு, அதன்மேல் முழுக்கப் பைன் மரங்கள். திரும்பி நின்று குனிந்து கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பார்ப்பது அங்கே வழக்கம். அப்போது கடல் வானமாகி, திட்டு அதில் தொங்கும் பாலமாகத் தெரியும். அம்மாவைக் குனியச் சொல்லாதீர்கள், போனில் எடுத்த படத்தைத் திருப்பிக் காட்டினால் போதும். பிறகு இச்சினொமியா துறையிலிருந்து படகேறினால் 12 நிமிடத்தில் ஸ்டேஷன் பக்கம் வந்துவிடலாம். படகும் கேபிள் காரும் மாலையிலேயே நின்றுவிடும், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாங்கோ என்ற இந்தப் பகுதியில் ஒரு பேச்சு உண்டு: சாப்பாட்டுப் பொட்டலத்தை மறந்தாலும் குடையை மறக்காதே. நவம்பர் கடைசியில் அங்கே வெயிலும் தூறலும் மாறி மாறி அடிக்கும். மழை வலுத்தாலோ அம்மா களைத்தாலோ கஸமட்சுவை விட்டுவிட்டு அதே பஸ்ஸில் நேராக ஸ்டேஷனுக்கே வாருங்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் சியோன்ஜி கோயில், பக்கத்திலேயே கப்பல் வந்தால் விலகி வழிவிடும் சுழல் பாலம். ரயில் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.