பாய்சன்ஸ் இன்ஃபர்மேஷன் வேலைன்னா கால் சென்டர் இல்லக்கா

அக்கா, உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். பொண்ணு இங்கிலாந்துல ஃபார்மகாலஜி, அதாவது மருந்தியல், கடைசி வருஷம் படிக்கிறா, முடிச்சதும் பாய்சன்ஸ் இன்ஃபர்மேஷன்ல, அதாவது விஷத் தகவல் சேவைல, சேரணும்னு நிக்கிறா, நீங்க "இவ்ளோ செலவு பண்ணி படிக்க வச்சது போன் எடுக்குறதுக்கா"ன்னு கேட்டிருக்கீங்க. பெத்தவங்களுக்கு வர்ற பயம்தான், தப்பு சொல்ல மாட்டேன். ஆனா அந்த போன்ல எதிர்பக்கம் யாரு இருக்காங்கன்னு தெரிஞ்சா உங்க பயத்துல பாதி போயிடும்.

அவ சொல்றது நேஷனல் பாய்சன்ஸ் இன்ஃபர்மேஷன் சர்வீஸ், சுருக்கமா என்பிஐஎஸ். 1963ல தொடங்குன சேவை இது, இப்ப பர்மிங்காம், கார்டிஃப், எடின்பரோ, நியூகாசில்னு நாலு ஊர்ல யூனிட் இருக்கு. பொதுஜனம் இதுக்கு நேரா போன் பண்றதில்ல, அவங்களுக்கு 111 நம்பர் தனியா இருக்கு. இங்க கூப்பிடுறது கேஷுவாலிட்டி டாக்டர், நர்ஸ், ஆம்புலன்ஸ்ல வர்ற பாராமெடிக், ஜிபின்னு சொல்ற குடும்ப டாக்டர், ஃபார்மசிஸ்ட் இவங்கதான். டாக்டருக்கே சந்தேகம் வந்தா கேக்குற இடம்க்கா இது, 24 மணி நேரமும்.

ஒரு உதாரணம் சொல்றேன். ரெண்டு வயசு குழந்தை பாட்டியோட சுகர் மாத்திரைய ஒண்ணு வாயில போட்டுடுச்சுன்னு ராத்திரி தூக்கிட்டு வர்றாங்க, குழந்தை நல்லா சிரிச்சு விளையாடிட்டு இருக்கு, வீட்டுக்கு அனுப்பலாமா வேணாமான்னு ஜூனியர் டாக்டருக்கு குழப்பம். முதல் கேள்வியே எந்த சுகர் மாத்திரைன்னுதான். மெட்ஃபார்மின் ஒண்ணுன்னா பொதுவா பெரிய ஆபத்து இல்ல. கிளிக்லசைடு மாதிரி சல்ஃபோனைல்யூரியா வகைன்னா ஒரே மாத்திரை போதும், சின்னக் குழந்தைக்கு சுகர் திடீர்னு இறங்கிடும், அதுவும் பல மணி நேரம் கழிச்சு கூட இறங்கலாம், அப்ப அட்மிட் பண்ணி விடாம சுகர் பாத்துட்டே இருக்கணும், குளுக்கோஸ் குடுத்தும் நிக்கலன்னா ஆக்ட்ரியோடைடுங்கிற மருந்த யோசிக்கணும். இதை பதட்டமே இல்லாம கேட்டு வாங்கி சரியா சொல்றதுக்கு உங்க பொண்ணு படிச்ச ஃபார்மகாலஜி அத்தனையும் வேணும்.

எடுத்த எடுப்புல எல்லாரும் போன் பண்றதும் இல்ல. டாக்ஸ்பேஸ்னு ஒரு ஆன்லைன் டேட்டாபேஸ் இருக்கு, எடின்பரோவுல உருவானது. மாத்திரை, க்ளீனிங் லிக்விட், காளான், பாம்புக்கடின்னு ஒவ்வொண்ணுக்கும் எவ்ளோ போனா ஆபத்து, எத்தனை மணி நேரம் கவனிக்கணும், என்ன மருந்து குடுக்கணும்னு அதுல இருக்கும். டாக்டர் முதல்ல அதைத்தான் பாக்கணும், அதுல தீரலன்னா போன், போன்ல பேசுற ஸ்பெஷலிஸ்டுக்கும் பிடிபடலன்னா, இல்ல நோயாளி ரொம்ப சீரியஸ்னா, ஆன்-கால்ல இருக்குற கன்சல்டன்ட் டாக்ஸிகாலஜிஸ்ட், அதாவது விஷ சிகிச்சைல பெரிய டாக்டர். போனை விட டாக்ஸ்பேஸ் பாக்குறவங்கதான் பல மடங்கு அதிகம். அந்தப் பக்கங்கள எழுதி, புது ஆராய்ச்சி வர வர திருத்துறதும் இதே டீம்தான். 2012ல பாராசிட்டமால் ஓவர்டோஸுக்கு அங்க விதிமுறை மாறுச்சு, மாத்திரை போட்டு 4 மணி நேரம் கழிச்சு பாக்குறப்ப ரத்தத்துல லிட்டருக்கு 100 மில்லிகிராம் இருந்தாலே அசிட்டைல்சிஸ்டீன்ங்கிற முறிவு மருந்த ஏத்தணும்னு எல்லாருக்கும் ஒரே அளவுகோலா ஆக்கிட்டாங்க. அப்படி ஒரு மாற்றம் வந்தா அது எந்த மூலையில இருக்குற ஆஸ்பத்திரிக்கும் உடனே தெரிஞ்சாகணும் இல்லியா, அதுக்குத்தான் இது.

இன்னொரு வேலை வெளிய தெரியாது. நாடு முழுக்க கேள்வி ஒரே இடத்துக்கு வர்றதால புதுசா எது பரவுதுன்னு இவங்க கண்ணுலதான் சீக்கிரம் படும். உடம்பு இளைக்கன்னு சொல்லி ஆன்லைன்ல வித்த டிஎன்பிங்கிற ரசாயனம் பத்தின கேள்விகள இவங்க வருஷக்கணக்கா பதிவு பண்ணிட்டே வந்தாங்க, கடைசில 2023 அக்டோபர்ல அதை சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட விஷமா ஆக்குனாங்க. எனக்கு இந்த வேலைல ரொம்ப மதிப்பா தெரியறது இதுதான்க்கா.

நம்ம பக்கத்துக்கும் தொடர்பு இருக்கு. எடின்பரோ பல்கலைக்கழக டாக்ஸிகாலஜி பேராசிரியர் மைக்கேல் எடில்ஸ்டன் பல வருஷம் இலங்கைல பூச்சிமருந்து குடிச்சு, மஞ்சள் அரளி விதை சாப்பிட்டு வந்தவங்கள வச்சுத்தான் ஆராய்ச்சி பண்ணாரு. அரளி விதைன்னா என்னன்னு உங்க பொண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேணாம்ல.

சரி, கஷ்டத்தையும் சொல்லிடறேன், மறைச்சு பிரயோஜனம் இல்ல. நாலே யூனிட்னால காலியிடம் எப்பவாச்சும்தான் வரும். நைட் ஷிஃப்ட், பண்டிகை நாள் ஷிஃப்ட் உண்டு. வர்ற கேஸ்ல நிறைய தற்கொலை முயற்சி, சின்ன வயசு பசங்க, அதைக் கேட்டுட்டு அடுத்த போனை நிதானமா எடுக்கணும், இந்த மனசு அவளுக்கு இருக்கான்னு நீங்க அவகிட்ட உக்காந்து பேசுங்க, திட்டாம பேசுங்க. விசா விஷயமும் முக்கியம், ஒவ்வொரு விளம்பரத்துலயும் ஸ்பான்சர்ஷிப் உண்டான்னு பாத்துட்டுத்தான் அப்ளை பண்ணணும்.

அதனால இந்த ஒரு வேலைய மட்டும் நம்பி உக்கார வேணாம். கார்டிஃப் பல்கலைக்கழகத்துல மெடிக்கல் டாக்ஸிகாலஜி பட்டமேற்படிப்ப தொலைதூர முறைல, வேலை பாத்துட்டே படிக்கலாம். நியூகாசில்ல கர்ப்பிணிங்க சாப்பிடுற மருந்து பத்தி டாக்டர்களுக்கு ஆலோசனை சொல்ற யுகேடிஸ்னு ஒரு பிரிவு இருக்கு, அதையும் பாக்கச் சொல்லுங்க. மருந்து கம்பெனில டிரக் சேஃப்டி, ஆஸ்பத்திரில மெடிசின்ஸ் இன்ஃபர்மேஷன், கெமிக்கல் கம்பெனில ப்ராடக்ட் சேஃப்டின்னு இதே படிப்புக்கு வேற கதவும் இருக்கு. ஊருக்கே திரும்பி வந்தாலும் டெல்லி எய்ம்ஸ்ல தேசிய விஷத் தகவல் மையம் இருக்கு.

இப்போதைக்கு ரெண்டு வேலை. அவளை நாலு யூனிட்ல ஏதாவது ஒண்ணுக்கு மெயில் போட்டு, ப்ராஜெக்ட் இல்ல ஒரு நாள் விசிட் கிடைக்குமான்னு கேக்கச் சொல்லுங்க, இந்த டெர்ம் முடியறதுக்குள்ள. அவ சிவி-யயும் கடைசி வருஷ ப்ராஜெக்ட் தலைப்பையும் எனக்கு அனுப்பி வைங்க, ஞாயித்துக்கிழமை அவளையும் லைன்ல வச்சு மூணு பேரும் பேசலாம்.