46 படங்களும் பூ கட்டும் ஒரு கையும்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

சனிக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி மகளோடு பினாங்குத் தீவுக்கு வந்தீர்கள். "படம் வரைந்தால் சோறு கிடைக்குமா சார்?" என்று கேட்டீர்கள். அவள் எதிரில் இருந்ததால் பட்டும் படாமலும் பதில் சொன்னேன்.

கிடைக்கும். 2020-இல் சோனி நிறுவனமே பிளேஸ்டேஷன் விளையாட்டுகளுக்கான ஸ்டூடியோ ஒன்றைக் கோலாலம்பூரில் திறந்தது. சைபர்ஜெயாவிலும் ஷா ஆலாமிலும் அனிமேஷன் நிறுவனங்கள் இருக்கின்றன. பினாங்கிலேயே வேலை வேண்டும் என்றால்தான் கஷ்டம். பிள்ளையைக் கோலாலம்பூர் பக்கம் அனுப்ப நீங்கள் துணிய வேண்டும்.

பதினோரு இடங்களுக்கு விண்ணப்பித்தும் பதில் வராததற்கு அவளுடைய டிப்ளோமாவைக் குறை சொல்லாதீர்கள். வேலை கேட்டுத் தன் படங்களைத் தொகுத்து அனுப்பிய கோப்பில்தான் கோளாறு. 46 படங்கள்! முக்கால்வாசி ஜப்பானியக் காமிக்ஸ் பாணியில் பெரிய கண் பெண்கள். அத்தனை பேரும் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கை வரைய வரவில்லை என்பது அனுபவமுள்ளவர் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். பத்துப் பன்னிரண்டு படங்கள் போதும். சுமாரான ஒரு படம் பக்கத்திலிருக்கும் நல்ல படத்தையும் கெடுத்துவிடும்.

இதில் வேடிக்கை, அவளுக்குக் கை வரைய வரும். ஸ்கெட்ச் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். "அது சும்மா கிறுக்கியது சார்" என்று மூடப் பார்த்தாள். ஜார்ஜ் டவுன் லெபோ பாசார் தெருவில் பூக்கட்டும் ஒரு மூதாட்டியின் கைகள். இடக்கை விரல்களுக்கு நடுவே இரண்டு மல்லிகை, வலக்கை நூலைச் சுற்றி இழுக்கும் அந்த நொடி, மோதிரத்தைச் சுற்றிப் பிதுங்கிய தோல். பால்பாயிண்ட் பேனாவால் வரைந்தது. 46-இல் இது இல்லை!

எந்த வேலைக்கு என்பதையும் அவள் முடிவு செய்ய வேண்டும். அனிமேட்டர் வேலைக்கு ஒரு நிமிட ரீல், அதாவது தான் அசைவூட்டிய காட்சிகளைத் தொகுத்த வீடியோ, கேட்பார்கள். சிறந்த காட்சி முதலில் வர வேண்டும். முப்பரிமாண மாடல் செய்பவர் வயர்ஃபிரேமையும், அதாவது உருவத்தின் கம்பிவலை போன்ற கோட்டமைப்பையும், காட்ட வேண்டும். இவளுக்குப் பின்னணி ஓவியத்தில்தான் ஆசை. அப்படியானால் ஜார்ஜ் டவுன் கடைகளின் முன்னால் கூரையோடு இருக்கும் ஐந்தடி நடைபாதையில் ஒரே இடத்தைக் காலையிலும் உச்சி வெயிலிலும் மழையிலும் வரையட்டும். பென்சில் கோடு, வண்ணச் சோதனை, முடிந்த படம் மூன்றையும் அடுத்தடுத்து வைக்கட்டும். அவள் எப்படி யோசிக்கிறாள் என்று ஸ்டூடியோக்காரர் பார்க்க விரும்புவார். கல்லூரியில் குழுவாகச் செய்த படம் என்றால் தன் பங்கு எது என்று ஒரு வரி எழுத வேண்டும். ஏஐ உருவாக்கிய படத்தைத் தன் படமென்று நுழைக்கவே கூடாது. நேர்காணலில் உட்காரவைத்து வரையச் சொன்னால் சாயம் வெளுத்துவிடும்.

இன்னொன்று, திட்டாமல் சொல்லுங்கள். அந்தக் கோப்புக்கு அவள் அனுப்பிய இணைப்பை என் கைப்பேசியில் திறந்தேன். அனுமதி கேட்டது. பதினோரு இடங்களிலும் பூட்டிய கதவைத்தான் பார்த்திருப்பார்கள்.

அடுத்த மாதம் வரும்போது பன்னிரண்டு படங்களோடு வரட்டும். பூக்கட்டும் கை முதலில் இருக்கட்டும். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் கணக்கியல் படிப்பு விண்ணப்பம் அதுவரை அலமாரியிலேயே கிடக்கட்டும்.