மெட்டலர்ஜி படித்தால் என்ன வேலை? நீங்கள் கேட்டதும் என் பதிலும்

மெட்டலர்ஜியில், அதாவது உலோகவியலில், பி.ஈ. முடித்து ஃபோர்ஜிங் தொழிற்சாலையில் (சுட்ட உலோகத்தை அடித்து வடிவமாக்கும் இடம்) ஏழு வருடம், அப்புறம் பி.எச்டி., கல்லூரியில் ஆறு வருடம் பாடம், இப்போது மறுபடியும் தொழில்துறையில், உடைந்த பாகங்களைப் பார்த்து ஏன் உடைந்தது என்று சொல்கிற வேலை. இரண்டு பக்கமும் இருந்தவள் என்பதால் கேள்விகள் நிறைய வந்தன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

மூன்றாம் ஆண்டு மாணவர், சேலம்: அக்கா, கவுன்சிலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காமல்தான் இந்தப் பிரிவை எடுத்தேன். வகுப்பில் பாதிப் பேர் கோடிங் படிக்கிறார்கள். நானும் அப்படியே போய்விடலாமா?

கோடிங் பிடித்திருந்தால் போ தம்பி, அதில் தப்பே இல்லை, ஆரம்பச் சம்பளமும் பெரும்பாலும் அங்கேதான் அதிகம். ஆனால் பயந்து போகாதே. முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய். ஈ.என்.8 என்ற நடுத்தரக் கார்பன் எஃகுக் கம்பியில் இரண்டு துண்டு வெட்டி லேப் உலையில் 850 டிகிரியில் வைத்து, ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போடு, மற்றதை உலைக்குள்ளேயே ஆற விடு. இரண்டையும் எமரி தாளில் தேய்த்து, பாலிஷ் போட்டு, நைட்டாலில் (நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த கரைசல்) சில விநாடி காட்டி மைக்ரோஸ்கோப்பில் பார். ஒரே கம்பி, ஒரே கார்பன், ஆனால் ஒன்றில் மார்ட்டென்சைட் என்ற மிகக் கடினமான அமைப்பு, மற்றதில் வெள்ளைத் திட்டாக ஃபெரைட்டும் வரிவரியாகப் பெர்லைட்டும், இரண்டுமே மென்மையான அமைப்புகள். அதைப் பார்த்த பிறகும் மனசில் ஒன்றும் அசையவில்லை என்றால் தாராளமாகக் கிளம்பு.

கோர் வேலையே, அதாவது படித்த துறையிலேயே வேலை, இல்லை என்று சீனியர்கள் சொல்வதை அப்படியே நம்பாதே. உன் ஊரிலேயே உருக்காலை இருக்கிறது. திருச்சி பெல், கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம், ஹைதராபாத்தில் பாதுகாப்புத் துறையின் உலோக ஆய்வகமான டி.எம்.ஆர்.எல்., சிறப்பு உலோகங்கள் செய்யும் அரசு நிறுவனமான மிதானி எல்லாவற்றிலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் (பி.ஏ.ஆர்.சி.) பயிற்சிப் பள்ளி மெட்டலர்ஜியைத் தனிப் பிரிவாகவே வைத்து ஆள் எடுக்கிறது.

ஃபவுண்டரி இன்ஜினியர், கோவை: மேடம், நான்கு வருடமாக வார்ப்படத் தொழிலில் இருக்கிறேன், வயது 27. பி.எச்டி. பண்ண ஆசை. வீட்டில் பணம் அனுப்ப வேண்டியிருக்கிறது. விட்டுவிட்டுப் போகலாமா?

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடத்துக்குப் பிறகு 42,000. கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். போனால் மாதம் 12,400 மட்டும்தான், அதில் வீட்டுக்கு அனுப்புவது கஷ்டம். நல்ல மதிப்பெண்ணோடு பி.ஈ. முடித்தவர்களை நேரடியாகப் பி.எச்டி.க்கு எடுக்கும் இடங்களும் உண்டு, முதலில் அதை விசாரியுங்கள். கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும், அதனால் வேலையில் இருந்துகொண்டே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், கையில் ஒரு கேள்வி இருக்கிறதா? எனக்கு இருந்தது. எங்கள் தொழிற்சாலையில் 12.9 கிரேடு எனும் மிக உயர்ந்த பலமுள்ள போல்ட்டுகளுக்குத் துத்தநாக முலாம் பூசி அனுப்பினோம். வாடிக்கையாளர் சாயங்காலம் முடுக்கிவிட்டுப் போனால், காலையில் வந்து பார்க்கும்போது சில போல்ட்டுகளின் தலை கழன்று தரையில் கிடந்தது. இழுத்துச் சோதித்தால் பலம் சரி, ஹார்ட்னெஸ் சரி, கெமிஸ்ட்ரி சரி. முறிவுப் பரப்பை எஸ்.இ.எம்.மில் (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) வைத்தால் உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய மணிகளின் எல்லைகளை ஒட்டியே பிளந்து கல்கண்டு மாதிரி இருந்தது. ஹைட்ரஜன்தான் காரணம். அமிலத்தில் கழுவும்போதும் முலாம் பூசும்போதும் ஹைட்ரஜன் உள்ளே நுழைகிறது, அதை வெளியேற்ற, முலாம் பூசி முடித்த நான்கு மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி வரையிலான சூட்டில் பல மணி நேரம் பேக் செய்ய வேண்டும். எங்களிடம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கூடைகள் இரவு முழுக்கக் காத்துக் கிடந்திருக்கின்றன. ஓவனை முலாம் தொட்டிக்குப் பக்கத்திலேயே நகர்த்தி வைத்தோம், பிரச்சினை நின்றது. தொழிற்சாலைக்கு அத்தோடு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. ஒரே கூடையில் ஏன் சில மட்டும் உடைந்தன, ஹைட்ரஜன் எங்கே போய் உட்கார்ந்துகொண்டது என்று தூக்கம் வராத அளவுக்கு யோசித்தேன்.

அதுதான் என் பி.எச்டி. 1962-ல் தேவநாதனும் ஸ்டாச்சுர்ஸ்கியும் வெளியிட்ட இரட்டை அறைக் கலத்தில், மெல்லிய உலோகத் தகட்டின் ஒரு பக்கம் ஹைட்ரஜனை ஏற்றி மறுபக்கம் வெளிவருவதை மின்னோட்டமாக அளந்து நாலரை வருடம் போனது. அப்படி ஒரு போல்ட் உங்களிடமும் இருந்தால் போங்கள். உங்கள் வார்ப்பில் திரும்பத் திரும்ப வரும் ஏதாவது ஒரு குறை போதும். பட்டம் மட்டும் வேண்டுமென்றால் 27 வயதில் இந்தச் சம்பளத்தை விட வேண்டாம்.

பி.எச்டி. கடைசி வருடம், சென்னை: எட்டுப் பேப்பர் இருக்கிறது. ஆனால் நேர்காணலில் "உங்களுக்கு அனுபவம் இல்லை" என்றோ "நீங்கள் அதிகம் படித்தவர்" என்றோ சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

நான் மேசைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பேப்பர் எண்ணிக்கையைச் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. எந்த மெஷினை நீங்களே ஓட்டினீர்கள், அது பழுதானபோது யார் சரிசெய்தது, எத்தனை மாதிரி வீணானது, எதனால், இதையெல்லாம் சொல்லுங்கள். தொழிற்சாலையில் பதிலைத் திங்கட்கிழமைக்குள் கேட்பார்கள், தொண்ணூறு சதவீதம் நிச்சயமிருந்தாலே முடிவெடுக்க வேண்டும். உங்களால் அப்படி முடியும் என்று காட்ட ஒரு உதாரணம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பி.எச்டி. செய்துகொண்டிருக்கும்போதே பக்கத்துத் தொழிற்பேட்டையில் இரண்டு மூன்று ஃபெயிலியர் அனாலிசிஸ் (பாகம் ஏன் உடைந்தது என்ற ஆய்வு) செய்து கொடுத்தீர்கள் என்றால் அந்த அறிக்கையே பாதிப் பேச்சைப் பேசிவிடும்.

ஒரு அப்பா, மதுரை: என் மகள் இந்தப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள் அம்மா. உலைப் பக்கம் பெண் பிள்ளையை அனுப்ப முடியுமா?

முடியும் ஐயா, நான் போனேன். உலைச் சூட்டை விடக் கஷ்டமாக இருந்தது வேறு விஷயம். நான் முதலில் சேர்ந்த இடத்தில் ஷாப் ஃப்ளோரில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது, அலுவலகக் கட்டடம் வரை நடக்க வேண்டும். எட்டு மாதம் கேட்டுக் கேட்டுத்தான் கட்டினார்கள், அந்த எட்டு மாதமும் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்காமல் சமாளித்தேன். உடம்புக்கு அது நல்லதில்லை. அதனால் மகள் வேலைக்குச் சேரும் முன்பே கழிப்பறை எங்கே, இரவு ஷிஃப்டுக்கு வண்டி உண்டா என்று நேராகக் கேட்கச் சொல்லுங்கள். கேட்பதால் வேலை போகாது. போனால் அந்த வேலை வேண்டாம்.

பேட்டரி கம்பெனியில் சேர விரும்புபவர், ஓசூர்: மெட்டலர்ஜி படித்தவரை பேட்டரிப் பக்கம் எடுப்பார்களா?

எடுப்பார்கள், ஆனால் மின்வேதியியலைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான செக்ரியில் இந்தத் துறையில் நிறைய வேலை நடக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். லித்தியம் அயன் பேட்டரிக்கு 2019-ல் நோபல் வாங்கிய மூவரையும் பாருங்கள். விட்டிங்ஹாம் அந்த வேலையை ஆரம்பித்தது எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியில், பேராசிரியராகப் பல்கலைக்கழகத்துக்குப் போனது 1988-ல்தான். குட்இனஃப் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது 1980-ல் லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கொடுத்தார். யோஷினோ 1972-லிருந்து அசாஹி கசேய் கம்பெனி ஆள், முனைவர் பட்டம் வாங்கியது 2005-ல், ஐம்பது வயதைத் தாண்டி. கல்லூரியா கம்பெனியா என்று 22 வயதிலேயே முடிவுகட்டச் சொல்லி அழுத்துபவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஓய்வுக்கு அருகில் இருப்பவர், ஜாம்ஷெட்பூர்: 28 வருடம் உருக்காலையில். பி.எச்டி. இல்லை. ஊருக்குத் திரும்பிப் பாடம் எடுக்க வழி உண்டா?

உண்டு சார். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-ல் "புரொஃபஸர் ஆஃப் பிராக்டிஸ்" என்று ஒரு வழி திறந்தது. 15 வருட அனுபவம் வேண்டும், பி.எச்டி. கட்டாயமில்லை, ஆனால் நிரந்தரப் பதவி இல்லை, அதிகபட்சம் நான்கு வருடம். தயவுசெய்து வாருங்கள். இரும்புத் தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் பிளாஸ்ட் ஃபர்னஸை நேரில் பார்க்காத ஆசிரியரிடம் படித்துவிட்டு வெளியே வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நீங்கள் ஒரு செமஸ்டர் எடுத்தாலே பெரிய விஷயம்.

எம்.டெக். மாணவி, திருச்சி: ஏ.ஐ. வந்தபிறகு நமக்கு வேலை இருக்குமா?

புதிய அலாய் (உலோகக் கலவை) தேட மெஷின் லேர்னிங் உதவுகிறது, பைத்தான் கற்றுக்கொள்ளம்மா. ஆனால் உடைந்த துண்டு கைக்கு வந்ததும் அதைக் கழுவாமல், இரண்டு பாதிகளையும் ஒட்டிப் பார்க்காமல், துணியில் சுற்றிப் பத்திரமாக வைக்க ஒரு ஆள் வேண்டும். போன வாரம்கூட ஒரு ஷாஃப்ட் வந்தது, யாரோ அக்கறையாக வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து அனுப்பியிருந்தார்கள். விரிசல் எங்கே ஆரம்பித்தது என்று சொல்லும் தடயம் மொத்தமும் போயிருந்தது.