ரோக்லைக் கேமில் செத்துச் செத்தும் ஏன் திரும்பத் திரும்ப ஆடுகிறார்கள்?

1980-ல் வந்த ‘ரோக்’ என்ற கணினி விளையாட்டின் வழியில் வந்தவை இவை. செத்தால் பெரும்பாலும் முதலிலிருந்துதான். வழி, எதிரி, ஆயுதம் எல்லாம் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலைத்துப் போடப்படும், மனப்பாடம் உதவாது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு சைக்கிள் மிதிப்பதாக நினையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள். எங்கே கால் ஊன்றினாலும் மறுபடி அடிவாரம். போதாததற்கு, அடுத்த முறை வளைவுகளே இடம் மாறியிருக்கும்! பதினெட்டாவதில் கால் ஊன்றினால் வரும் கடுப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் எந்த கியரில் ஏறுவது, எங்கே மூச்சைச் சேமிப்பது என்ற பழக்கம் உங்களிடமே தங்கிவிடும். ஆட்டமும் சீக்கிரம் முடிவதால், ‘சரி, இன்னும் ஒண்ணு’ என்று கை தானாகப் போகிறது.

எல்லாம் அதிர்ஷ்டம் என்பார்கள் சிலர். அப்படியானால் பழகியவரும் புதியவரும் ஒரே அளவு தோற்க வேண்டுமே, அது நடப்பதில்லை.