விலகல் கடிதத்தை இப்போது அனுப்பாதீர்கள்

கேள்வி: ஜெர்மனியில் எம்.எஸ். இரண்டாவது செமஸ்டர் படித்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் கட்டி வந்து, ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டேன். கோவையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கீமோ. ஆறு மாதம் ஆகுமாம். கல்விக் கடனுக்காகத் தேயிலைத் தோட்டப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. "படிப்பை ரத்து செய்துவிட்டு உடம்பைப் பார்" என்கிறார் அப்பா. விலகல் கடிதம் எழுதிவிட்டேன், அனுப்பலாமா? பார்ப்பவர்களெல்லாம் "எப்போ திரும்பப் போறே?" என்று கேட்பதால் வெளியே போகவே பிடிக்கவில்லை.
– வாசகி, கோத்தகிரி

பதில்: அனுப்ப வேண்டாம் தங்கச்சி. அப்பா சொல்வதில் பாதி சரி. உடம்பைத்தான் பார்க்க வேண்டும், அதற்காகப் படிப்பை ரத்து செய்ய வேண்டியதில்லை. புற்றுநோய்களில் நன்றாகக் குணமாகக்கூடியவற்றில் இது ஒன்று. இரண்டு சுற்று கீமோ முடிந்ததும், நோய் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுப்பார்கள். மிச்சச் சிகிச்சையையே அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். உங்கள் படிப்பை மட்டும் இப்போதே முடிவு செய்வானேன்?

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் நோய்க்காக விடுப்பு செமஸ்டர் கேட்கலாம். மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அந்த செமஸ்டர் படிப்புக் கணக்கில் சேராது. ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த நாட்டு வசிப்பு அனுமதி தானாகவே காலாவதியாகிவிடும். உங்கள் சிகிச்சையும் சரியாக ஆறு மாதம்! கிளம்பிய தேதியிலிருந்து எண்ணி, கெடு முடிவதற்குள் அங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு எழுதி, கூடுதல் அவகாசம் கேளுங்கள். விட்டால் விசாவுக்கு முதலிலிருந்து அலைய வேண்டும். வசிப்பு அனுமதி அட்டையில் உள்ள கடைசித் தேதியையும் பாருங்கள்.

வங்கிக்கும் எழுத்துமூலம் தெரிவியுங்கள், வாய்வார்த்தை நிற்காது. குறித்த காலத்தில் படிப்பு முடியாவிட்டால் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்க இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. வட்டி ஏறும் என்பதையும் அப்பாவிடம் மறைக்காதீர்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை உங்கள் ஊர்ச் சாலைதான். கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாளுக்குள் பொதுவாக, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறையும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரி 2 மணியானாலும் ஆஸ்பத்திரிதான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவது உங்களுக்குத் தெரியாததா? பனிமூட்டம், பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானை, ஐப்பசி கார்த்திகை மழையில் மண்சரிவு. முடிந்தால் அந்த ஒரு வாரம் கோவையில் தெரிந்தவர் வீட்டில் தங்குங்கள். முடியாவிட்டால் மேலேயே எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். ராத்திரியில் கூப்பிட்டால் வரக்கூடிய வண்டிக்காரர் எண்ணும், ஒரு தெர்மாமீட்டரும் வீட்டில் இருக்கட்டும்.

அப்புறம், கேட்பவர்களிடம் "லீவு போட்டிருக்கேன்" என்று சொல்லுங்கள். விடுப்பு செமஸ்டர் கிடைத்துவிட்டால் அது முழு உண்மை. அதற்கு மேல் துருவுபவர்களை அம்மா பார்த்துக்கொள்வார். முடி கொட்டுவதற்காகவும் வீட்டுக்குள் முடங்க வேண்டாம். சித்திரையிலும் கம்பளிக் குல்லாவோடு டீக்கடைக்கு வருகிற ஊர் உங்களுடையது, யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.