பழைய கார் ரேஸில் எந்தக் கார் எந்த வகுப்பில் ஓடலாம் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

1965-ல் செய்த கார் என்றால் 1965 வகுப்பு, அவ்வளவுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். காரின் வயது முதல் கேள்வி மட்டும்தான். அந்த மாடல் அந்த நாளில் எந்த அமைப்பில், அதாவது எந்தெந்தப் பாகங்களோடு, ரேஸ் ஓடியது என்பதுதான் பெரிய கேள்வி.

உலக மோட்டார் பந்தயத்தை நடத்தும் அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின், பழைய கார்களுக்கான 'அப்பெண்டிக்ஸ் கே' விதிகள் காலத்தை எழுத்து வாரியாகப் பிரிக்கின்றன. டூரிங் (சாதாரணக் கார்களிலிருந்து வந்தவை), ஜி.டி. (சாலையிலும் ஓட்டக்கூடிய வேகமான ஸ்போர்ட்ஸ் வகை) கார்களுக்கு 1947 முதல் 1961 வரை 'இ', 1962 முதல் 1965 வரை 'எஃப்', 1966-லிருந்து 'ஜி'. கூடவே ஹெச்.டி.பி. என்ற தொழில்நுட்பப் பாஸ்போர்ட் வேண்டும். என்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் என்று காரின் முழு ஜாதகமும் அதில் இருக்கும். ஒரு பாகம் அந்தக் காலத்தில் கடையில் கிடைத்தது என்று சொன்னால் போதாது, அந்த மாடல் அதை மாட்டிக்கொண்டு ஓடியதற்குச் சான்று காட்ட வேண்டும். ஜாகுவார் சி-டைப் 1951-ல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது டிரம் பிரேக்கில், 1953-ல் ஜெயித்தது டிஸ்க் பிரேக்கில். டிஸ்க் மாட்டிய சி-டைப்பை 1951 அமைப்பு என்று யாரும் ஏற்க மாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அன்று நடந்த வகுப்புச் சண்டைகள் இன்றும் செல்லுபடியாவதுதான். அறுபதுகளின் தொடக்கத்தில் ஜி.டி. வகுப்புக்கு 100 கார்கள் செய்திருக்க வேண்டும். ஃபெராரி 250 ஜி.டி.ஓ. நாற்பதைக்கூட எட்டவில்லை. ஆனாலும் பழைய 250 ஜி.டி.யின் வளர்ச்சிதான் இது என்று சொல்லி 1962-ல் அனுமதி வாங்கிவிட்டார்கள். அடுத்து வந்த 250 எல்.எம்.முக்கும் அதே வாதத்தை வைத்தபோது நடக்கவில்லை. என்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால், கொள்ளளவு 3.3 லிட்டர், அதை எப்படிப் பழைய காரின் வளர்ச்சி என்பது? கோபத்தில் என்ஸோ ஃபெராரி தன் இத்தாலியப் பந்தய லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். 1964-ன் கடைசி இரண்டு ஃபார்முலா 1 போட்டிகளில் அவருடைய கார்கள் இத்தாலியின் பந்தய நிறமான சிவப்பை விட்டு அமெரிக்காவின் நீலம், வெள்ளையில் ஓடின. எல்.எம். புரோட்டோடைப்பாக, அதாவது இத்தனை கார் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாத வகுப்பில், ஓடி 1965-ல் லெ மானையே ஜெயித்தது. அதனால்தான் இன்றும் ஜி.டி.ஓ. ஜாகுவார் ஈ-டைப்போடும் ஏ.சி. கோப்ராவோடும் ஜி.டி.யில் மோதுகிறது, எல்.எம். வேறு வகுப்பில் நிற்கிறது. இரண்டுக்கும் வயது வித்தியாசம் என்னவோ ஓரிரு வருஷம்தான்.

அப்புறம் டயர். என்னைக் கேட்டால் எல்லா விதியிலும் இதுதான் உயிர். அறுபதுகளின் ஜி.டி. கார்கள் டன்லப்பின் பழைய வடிவ ஒல்லி டயரில்தான் ஓடுகின்றன. பழைய கார் ரேஸுக்குப் பேர்போன இங்கிலாந்தின் குட்வுட்டில் கார்கள் வளைவு முழுக்க வழுக்கிக்கொண்டே போவதற்கு அதுதான் காரணம். கோடு வெட்டாத, வழவழப்பான நவீன ஸ்லிக் டயரை அனுமதித்தால் அந்த ஓட்டமே செத்துவிடும். ரோல் கேஜ் (கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் கம்பிக்கூடு), சீட் பெல்ட் போன்ற பாதுகாப்பு விஷயங்களில் மட்டும் இன்றைய விதிகள் உள்ளே வருகின்றன, வரத்தான் வேண்டும்.

இதற்கு மேல் ஒவ்வொரு போட்டிக்கும் தனி நிபந்தனை உண்டு. இத்தாலியின் மில்லே மில்லியாவில் 1927–1957-க்குள் அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்ட மாடலாக இருக்க வேண்டும். லெ மான் கிளாசிக் 1923-லிருந்து வருஷ வாரியாகக் கார்களைக் குழுக்களாகப் பிரிக்கிறது.

கார் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஹெச்.டி.பி. இருந்தால் கார் அசல் என்று அர்த்தமில்லை. அமைப்பு சரியாக இருந்தால் நேற்றுக் கட்டிய பிரதிக்கும் அது கிடைக்கும். சேஸி எண்ணையும் பழைய ரேஸ் வரலாற்றையும் தனியாக விசாரித்த பிறகே பணத்தை எடுங்கள்.