பரிணாமப் பாடமும் பெற்றோர் மறுப்பும்: அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான கேள்வி பதில்

கே: "எங்கள் மதத்துக்கு விரோதம், நடத்தாதீர்கள்" என்று ஒரு பெற்றோர் கடிதம் கொடுத்திருக்கிறார். நிறுத்த வேண்டுமா?

ப: வேண்டாம். பரிணாமம் நடத்தக் கூடாது என்ற ஆர்கன்சா மாநிலத் தடைச் சட்டத்தையே 1968இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அவரை நேரில் அழைத்து மாநிலப் பாடத்திட்டத்தைக் காட்டுங்கள். தேர்வில் கேட்பது சான்று புரிந்ததா என்பதைத்தான், நம்புகிறாயா என்பதை அல்ல. வகுப்பில் மட்டும் "கடவுளை நம்புகிறவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்டுவிடாதீர்கள்.

கே: இயற்கைத் தேர்வை (சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துப் பெருகுவதை) செய்துகாட்ட எளிய வழி?

ப: பூப்போட்ட துணி ஒன்றை விரியுங்கள். பத்து நிறத் தாளில் பஞ்சிங் மெஷினால் குத்திய பொட்டுகள், நிறத்துக்குப் பத்தாக மொத்தம் 100, தூவுங்கள். பிள்ளைகள் இரை தேடும் பறவைபோல, கண்ணில் முதலில் பட்டதை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். 75 எடுத்ததும் நிறுத்தம். மிஞ்சிய 25க்கும் அதே நிறத்தில் மும்மூன்று குட்டி சேர்த்தால் மறுபடி 100. நான்கு தலைமுறை போதும். ஒரே நிறத் துணி போட்டால் ஒரு நிறம் சட்டென்று ஜெயித்துவிடும், படிப்படியான மாற்றம் தெரியாது. பிள்ளைகள் தடவி எடுத்தால் நிறத்துக்கு வேலையே இல்லை. "பொட்டு நிறம் மாறிக்கொண்டது" என்று யாராவது எழுதினால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு பொட்டும் மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறியது. பாடமே அதுதான்.

கே: இரண்டு தரப்பையும் சொல்லிவிட்டால் பிரச்சினை தீருமே?

ப: தீராது. பரிணாமம் நடத்தினால் படைப்புவாதமும் (உயிர்களைக் கடவுளே படைத்தார் என்பதும்) நடத்த வேண்டும் என்ற லூசியானா சட்டம் 1987இல் உச்ச நீதிமன்றத்தில் 7–2 என விழுந்தது. அடுத்து பென்சில்வேனியாவின் டோவர்: ஒன்பதாம் வகுப்பு உயிரியலில் 'அறிவார்ந்த வடிவமைப்பு' (உயிர்களை ஓர் அறிவுள்ள சக்தி வடிவமைத்தது என்ற வாதம்) பற்றி அறிக்கை படிக்கச் சொன்னது பள்ளி வாரியம். ஆசிரியர்கள் மறுத்ததால் நிர்வாகிகள் வந்து படித்தார்கள். 11 பெற்றோர் வழக்குப் போட்டார்கள். வாரியம் கைகாட்டிய புத்தகத்தின் பழைய வரைவுகளில் 'படைப்பு' என்றிருந்த இடங்களில் 1987 தீர்ப்புக்குப் பிறகு 'வடிவமைப்பு' என்று மாற்றியிருந்தது விசாரணையில் வெளிப்பட்டது. 2005 டிசம்பர் 20இல் 139 பக்கத் தீர்ப்பு வாரியத்துக்கு எதிராக வந்தது. பெற்றோர் தரப்பின் வழக்குச் செலவாகப் பள்ளி மாவட்டம் பத்து லட்சம் டாலர் கட்டியது.

கே: வடிவமைப்பு என்பது மதமல்லவே?

ப: மேலே டோவர் வழக்கு: அதுவும் மதம்தான் என்றது அந்தத் தீர்ப்பு.

கே: உச்ச நீதிமன்றத்தின் 2025 மஹ்மூத் தீர்ப்பின்படி பிள்ளையை வெளியே அனுப்பச் சொல்லலாமே?

ப: அது மேரிலாந்துத் தொடக்கப் பள்ளிகளில் தன்பாலினத்தவர் வரும் கதைப் புத்தகங்கள் பற்றியது. 6–3 தீர்ப்பு, முன்னறிவிப்பும் விலக்கும் கேட்ட பெற்றோருக்குச் சாதகம். உயிரியலுக்கு அதை அப்படியே ஒட்டாதீர்கள்.

கே: ஒட்டினால் என்ன? பெற்றோர் உரிமை உரிமைதானே?

ப: தன் பிள்ளைக்கு விலக்கு கேட்பது வேறு, எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடத்தை எடுக்கச் சொல்வது வேறு. முதலாவது வந்தால் பள்ளி மாவட்டத்தின் சட்ட ஆலோசகரிடம் அனுப்புங்கள். ஆசிரியர் தானாக முடிவெடுக்கக் கூடாது. பரிணாமம் ஒரு வாரப் பாடமும் அல்ல. ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு, வகைப்பாடு, மரபியல் எல்லாவற்றிலும் வரும். எந்தெந்த நாள் வெளியே அனுப்புவீர்கள்?

கே: வகுப்பில் பட்டிமன்றம் வைக்கலாமா?

ப: கூடாது. கை தூக்கச் சொல்வதும் இதுவும் ஒன்றுதான். பிள்ளையின் வீட்டு நம்பிக்கையை சபைக்கு இழுக்கிறீர்கள்.

கே: குரங்கிலிருந்து வந்தோமென்றால் இன்னும் குரங்கு ஏன்?

ப: நமக்கும் இன்றைய குரங்குக்கும் பொது மூதாதை. சித்தப்பா பிள்ளை உயிரோடிருந்தால் தாத்தா இல்லையென்றாகுமா?